எரித்த அறிக்கையில் மிஞ்சிய ஒரு பிரதி

போன மாதம் இந்தப் பகுதியில் ஜான் ஜே. மெக்லாய் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நியூயார்க்கின் கார்ப்பரேட் வக்கீல், போர்த்துறை உதவிச் செயலர், உலக வங்கித் தலைவர், ஜெர்மனியில் அமெரிக்காவின் உயர் ஆணையர், பெரிய வங்கியின் தலைவர் என்று ஒரே மனிதர் இத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்தது எப்படி என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்பெனிச் சட்டத்தில் போக ஆசை. எங்கள் குடும்பத்தில் யாரும் வக்கீல் கிடையாது. மெக்லாய் மாதிரி ஆட்கள் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளாகத்தானே இருக்க முடியும்?

இல்லம்மா. அவருடைய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1895-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். அப்பா ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா பணக்கார வீட்டுப் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்து மகனைப் படிக்க வைத்தார். கோடைக் காலத்தில் அந்தக் குடும்பங்கள் மெயின் மாநிலத்துக் கடற்கரைக்குப் போகும். அம்மாவும் மகனும் அவர்கள் பின்னாலேயே போவார்கள். அம்மாவுக்கு அங்கே வேலை இருந்தது. பையன் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்தான். அப்படி ஒரு கோடையில் ராக்கெஃபெல்லர் மாளிகைக்குப் போய்க் கதவைத் தட்டி வேலை கேட்டிருக்கிறான். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து அதே குடும்பத்தோடு நெருங்கிய சேஸ் வங்கிக்கு அவர்தான் தலைவர்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, அப்புறம் ஹார்வர்டில் சட்டம். நடுவில் முதல் உலகப் போருக்காகப் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸ் போனார். திரும்பி வந்து 1921-ல் சட்டப் படிப்பை முடித்தார். நியூயார்க்கில் க்ரவாத் என்ற பெரிய வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்து 1929-ல் பங்குதாரர் ஆனார். டென்னிஸ் நன்றாக ஆடுவார், அதுவும் உதவியது. ஆனால் தொடர்புகளை விட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு வழக்கு.

1916 ஜூலை 30 அன்று அதிகாலையில் நியூயார்க் துறைமுகத்தில் பிளாக் டாம் என்ற இடத்தில் குவித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. நேச நாடுகளுக்குப் போக வேண்டிய சரக்கு அது. சுதந்திர தேவி சிலைகூடச் சேதமடைந்தது. இதற்குக் காரணம் ஜெர்மன் உளவாளிகள்தான் என்று நிரூபித்து இழப்பீடு வாங்க வேண்டும். சேதம் பட்ட கம்பெனிகளில் ஒன்றான பெத்லஹேம் ஸ்டீல், மெக்லாயின் நிறுவனத்துக்குக் கட்சிக்காரர். ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த இழப்பீட்டு ஆணையம் 1930-ல் சாட்சியம் போதாது என்று தள்ளிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்திருப்பார்கள். மெக்லாய் ஏறக்குறையப் பத்து வருடம் அதன் பின்னால் அலைந்தார். பழைய உளவாளிகளைத் தேடி ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். ஒரு சாட்சியம் எப்படிப்பட்டது தெரியுமா? 1917-ஆம் வருடத்துப் பத்திரிகை ஒன்றின் பக்கங்களில் எலுமிச்சைச் சாற்றால் எழுதிய ரகசியக் கடிதம். சூடு காட்டினால்தான் எழுத்துத் தெரியும். கடைசியில் 1939-ல் தீர்ப்பு அமெரிக்கர்கள் பக்கம் வந்தது. இழப்பீடு சுமார் 5 கோடி டாலர்.

இந்த வழக்கைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்து அவர் செய்த பெரிய தவறும் இங்கிருந்துதான் முளைத்தது.

கேள்வி: கார்ப்பரேட் வக்கீல் ஒருவரை அரசாங்கம் எதற்காகக் கூப்பிடுகிறது? ஆட்சியில் ஆள் இருந்ததாலா?

ஆள் இருந்தார்கள், மறுக்கவில்லை. 1940-ல் போர்த்துறைச் செயலராக வந்த ஹென்றி ஸ்டிம்சனும் நியூயார்க் வக்கீல்தான். அவருக்கு நாசவேலை, உளவு பற்றித் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். பிளாக் டாம் வழக்கைப் பத்து வருடம் தோண்டிய மெக்லாயை ஆலோசகராக அழைத்தார். 1941 ஏப்ரலில் மெக்லாய் உதவிச் செயலர் ஆனார். 1945 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரர் ஒரு காரியம் வேண்டும் என்று வந்தால், அதற்குச் சட்டத்தில் வழி தேடுவோம். நல்ல கம்பெனி வக்கீல் 'முடியாது' என்று சீக்கிரம் சொல்ல மாட்டார். 'இப்படிச் செய்தால் முடியும்' என்பார். இரண்டு துறைகள் முட்டிக்கொண்டு நின்றால் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்து இருவரையும் கையெழுத்துப் போட வைப்பார். மெக்லாய் இதில் கெட்டிக்காரர். போர்க் காலத்து வாஷிங்டனுக்கு இப்படி ஒருவர் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். எல்லாச் சிக்கலும் அவர் மேஜைக்கு வந்தது. ஜெர்மனியில் ரோதன்பர்க் என்ற பழைய மதில் நகரம் முழுசாக அழியாமல் தப்பியதில் அவர் பங்கு இருக்கிறது. 1945 ஜூனில் வெள்ளை மாளிகைக் கூட்டத்தில், ஜப்பானுக்கு முன்னெச்சரிக்கை கொடுங்கள், பேரரசர் நீடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள் என்று கேட்டவரும் அவர்தான். இவற்றையும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சட்டம் தெரிந்தவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாமில் அடைக்க எப்படிச் சம்மதித்தார்?

இந்தக் கேள்வியை எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நன்றி. இதைத்தான் நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானின் தாக்குதல். மேற்குக் கடற்கரை ராணுவத் தளபதி ஜெனரல் டீவிட், அங்கே வாழும் ஜப்பானிய வம்சத்தினரை எல்லாம் வெளியேற்ற வேண்டும் என்றார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். நீதித்துறைக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல் பிடில் எதிர்த்தார். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர்கூட மொத்தமாக வெளியேற்றத் தேவையில்லை என்ற கருத்தில் இருந்தார். 1942 பிப்ரவரி 1-ல் நடந்த கூட்டத்தில் மெக்லாய் பிடிலிடம் சொன்ன பதில் ஆவணத்தில் இருக்கிறது: நாட்டின் பாதுகாப்பா, அரசியல் சட்டமா என்று வந்தால், அரசியல் சட்டம் எனக்கு வெறும் காகிதத் துண்டு.

ஹார்வர்டில் சட்டம் படித்த மனிதர் சொன்னது இது. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பத்து வருடம் நாசவேலைக்காரர்களையே தேடியவருக்கு எங்கும் நாசவேலை தெரிந்தது என்று நினைக்கிறேன். பிளாக் டாமில் சதி நிஜமாகவே இருந்தது. அதை முதலில் யாரும் நம்பவில்லை, இவர் நம்பினார், ஜெயித்தார். அந்த வெற்றி அவர் கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டது. பிளாக் டாமில் சாட்சியம் தேடிப் பத்து வருடம் அலைந்தவர், இங்கே ஒரு சாட்சியம்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 19-ல் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், கைக்குழந்தை முதல் கிழவர் வரை, வீட்டையும் கடையையும் வயலையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். ஒருவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பேர்ல் துறைமுகம் இருக்கும் ஹவாயில் மக்கள் தொகையில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஜப்பானிய வம்சம். அங்கே இப்படி மொத்தமாக யாரையும் அடைக்கவில்லை. ஆபத்து நிஜமாக இருந்தால் அங்கேதானே முதலில் செய்திருக்க வேண்டும்?

முகாமிலிருந்து வந்த இளைஞர்களையும் சேர்த்து 442-ஆம் படைப்பிரிவை அமைக்க 1943-ல் ஆதரவு கொடுத்தவரும் மெக்லாய்தான். அவர்கள் இத்தாலியிலும் பிரான்ஸிலும் போரிட்டுச் செத்துக்கொண்டிருந்தபோது அப்பா அம்மா வேலிக்குள் இருந்தார்கள்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். ஏன் வெளியேற்றினோம் என்று ஜெனரல் டீவிட் 1943 ஏப்ரலில் ஓர் இறுதி அறிக்கை எழுதி அச்சிட்டு அனுப்பினார். அரசு தரப்பு வக்கீல்கள் அப்போது உச்ச நீதிமன்றத்தில், நாட்டுக்கு விசுவாசமானவர்களையும் மற்றவர்களையும் பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையோ வேறு மாதிரி சொன்னது. அவகாசம் ஒரு பிரச்சினையே இல்லை, இந்த இனத்தாரில் யார் விசுவாசி என்று எவ்வளவு காலம் எடுத்தாலும் பிரித்தறிய முடியாது என்பது அதன் சாரம். இனத்தை வைத்துத்தான் முடிவெடுத்தோம் என்று தளபதியே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மெக்லாய் வக்கீல் அல்லவா? படித்த உடனே எங்கே இடிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டீவிட்டின் ஆட்களிடம் பேசி வாசகத்தை மாற்ற வைத்தார். புதிய அறிக்கைக்கு ஜூன் தேதி போட்டார்கள். பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கினார்கள். வரைவுகளையும் மெய்ப்புகளையும் எரித்துவிட்டு, எரித்தாயிற்று என்று ஓர் அதிகாரி எழுத்தில் குறித்தும் வைத்தார். வழக்கை நடத்திய நீதித்துறை வக்கீல்களுக்கு முதல் பிரதியைக் காட்டவில்லை.

அடுத்த வருடம், வெளியேற மறுத்துத் தண்டனை பெற்ற ஃப்ரெட் கொரமாட்சு என்ற இளைஞரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அறிக்கையில் இருந்த உளவுக் குற்றச்சாட்டுகள் உண்மையில்லை என்று நீதித்துறையின் இரண்டு வக்கீல்கள் கண்டுபிடித்து, அதை அரசுத் தரப்பு எழுத்து வாதத்தில் ஓர் அடிக்குறிப்பாக எழுதினார்கள். மெக்லாய் தலையிட்டார். அடிக்குறிப்பு நீர்த்துப்போனது. 1944 டிசம்பரில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கொரமாட்சு தோற்றார்.

எரித்தவற்றில் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருந்தது. அய்கோ ஹெர்சிக் யோஷினாகா என்ற பெண்மணி, பதினேழு பதினெட்டு வயதில் தானும் முகாமில் அடைபட்டவர், 1980-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. அந்த ஆதாரங்களை வைத்து 1983 நவம்பரில் கொரமாட்சுவின் தண்டனை ரத்தானது. சட்டப் படிப்பு இல்லாத ஒரு பெண், பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தே இதைச் சாதித்தார். என் ஜூனியர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அவர்தான்.

கேள்வி: நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமின் மீது குண்டு போட மறுத்ததும் இவர்தானா?

மறுப்புக் கடிதங்களில் கையெழுத்து அவருடையது. 1944-ல் யூத அமைப்புகள் விஷவாயு அறைகளையோ ரயில் பாதைகளையோ தகர்க்கச் சொல்லிக் கேட்டபோது, வேறு முனைகளுக்குத் தேவையான விமானங்களைத் திருப்ப வேண்டியிருக்கும், பலனும் சந்தேகம் என்று பதில் போனது. அப்படி ஒரு பதில் போனது ஆகஸ்ட் 14-ல். ஆகஸ்ட் 20-ல் 127 அமெரிக்க விமானங்கள் அந்த விஷவாயு அறைகளிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் இருந்த தொழிற்சாலை மீது குண்டு போட்டன. முடிவை அவர் ஒருவர் எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதங்களைப் படித்தால், ஒரு காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்கிற தொனிதான் காதில் கேட்கிறது.

கேள்வி: உலக வங்கியில் என்ன செய்தார்?

முதல் தலைவர் ஆறு மாதத்தில் விட்டுப்போன நாற்காலி அது. 1947 மார்ச்சில் வந்தார். வருவதற்கு முன்பே, நிர்வாகத்தில் இயக்குநர்கள் கைவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மே மாதம் வங்கியின் முதல் கடன் பிரான்ஸுக்குப் போனது. 50 கோடி டாலர் கேட்டார்கள், 25 கோடி கொடுத்தார். வால் ஸ்ட்ரீட் நம்பினால்தான் வங்கியின் கடன் பத்திரம் விற்கும். வால் ஸ்ட்ரீட் நம்பிய மனிதர் இவர். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

கேள்வி: அரசுப் பதவி, பிறகு கம்பெனி, மறுபடி அரசு என்று மாறி மாறிப் போவது தப்பில்லையா? சட்டம் தடுக்கவில்லையா?

அவர் காலத்தில் அதைத் தப்பாகவே யாரும் பார்க்கவில்லை. 1949 முதல் 1952 வரை ஜெர்மனியில் உயர் ஆணையர். அடிமைத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியதற்காகப் பன்னிரண்டு வருடத் தண்டனை பெற்ற ஜெர்மன் ஆயுதத் தொழிலதிபர் ஆல்ஃபிரட் க்ருப்பை 1951-ல் விடுவித்துச் சொத்தையும் திருப்பிக் கொடுத்தார். கொரியாவில் போர் தொடங்கிவிட்டது, ஜெர்மனி கூட்டாளியாக வேண்டும் என்ற காலம். அப்புறம் சேஸ் வங்கித் தலைவர், ஃபோர்டு அறக்கட்டளைத் தலைவர், கென்னடிக்கு ஆயுதக் குறைப்பு ஆலோசகர், கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தில் உறுப்பினர்.

நடுவே சொந்த நிறுவனத்தில் வக்கீல் தொழில். உலகத்தின் ஏழு பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் கட்சிக்காரர்கள். போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி விலை பேசினால் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் எண்ணெய் நாடுகள் ஒன்று சேர்ந்தால் கம்பெனிகளும் சேர்ந்து பேச வேண்டிவரும் என்று அவர் முன்கூட்டியே கணித்தார். அதனால் ராபர்ட் கென்னடி தொடங்கி, ஒவ்வொரு புது அட்டர்னி ஜெனரலையும் போய்ப் பார்த்து, இப்படி ஒரு நாள் வந்து நிற்பேன் என்று சொல்லி வைத்தார். பத்து வருடம் இப்படி. 1971-ல் அந்த நாள் வந்தது, அனுமதிக் கடிதமும் வந்தது.

செல்வாக்கு என்றால் பெட்டியில் பணம் கொண்டுபோவது என்று நினைக்கிறோம். அவர் செய்ததில் லஞ்சம் ஒரு காசு இல்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான். முகாமில் அடைபட்ட காய்கறி விவசாயி ஒருவர் அட்டர்னி ஜெனரலின் கதவைத் தட்டியிருந்தால் திறந்திருக்குமா? எனக்கு உறுத்துவது அந்த வித்தியாசம்தான்.

கேள்வி: பின்னால் வருத்தப்பட்டாரா?

இல்லை. 1981-ல், முகாம்களைப் பற்றி விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையத்தின் முன் வந்தபோது அவருக்கு 86 வயது. முகாம்களை நியாயப்படுத்தினார், இழப்பீட்டை எதிர்த்தார். ஆணைய உறுப்பினர்களில் வில்லியம் மருதானி என்ற நீதிபதி தானே முகாமில் இருந்தவர். அவர் நீதிபதியாக இருந்ததும் பிலடெல்பியாவில்தான். பெற்றோரும் உடன்பிறந்தோரும் சிறையில் இருக்கும்போது வேறு எந்த அமெரிக்கர்கள் இந்த நாட்டுக்காகப் போரிட்டார்கள் என்று கேட்டார். 'சிறை' என்ற சொல் பிடிக்கவில்லை என்றார் மெக்லாய். சரி, முள்வேலிக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்வோம் என்றார் மருதானி.

இன வெறுப்பு, போர்ப் பதற்றம், அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றும்தான் காரணம் என்று ஆணையம் எழுதியது. 1988-ல் உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் மன்னிப்பும் என்று சட்டம் வந்தது. மெக்லாய் 1989 மார்ச்சில் இறந்தார். முதல் காசோலைகள் 1990 அக்டோபரில், வயதில் மூத்தவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்டன.

கேள்வி: கோபப்படாதீர்கள். நீங்களும் கம்பெனி வக்கீல்தான். ஓர் அறிக்கையைத் திருத்தச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டதுண்டா?

கோபமில்லை. இதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது.

1986. நான் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம். ஒரு ஆலையில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருடியதாகத் தொழிலாளி ஒருவரை டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். லேபர் கோர்ட்டில் கம்பெனி பக்கம் என் சீனியர். தாக்கல் செய்ய வேண்டிய காகிதங்களில் ஸ்டோர் கணக்குச் சரிபார்ப்பு அறிக்கை ஒன்று இருந்தது, நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி: காணாமல் போனதாகச் சொன்ன சுருள் பக்கத்து ஷெட்டில் கழிவுப் பெட்டிக்குப் பின்னால் கிடைத்தது. சீனியர் படித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அடித்து வாங்கி வா, அந்தப் பத்தி வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாங்கி வந்தேன். பழைய பக்கத்தையும் கார்பன் நகலையும் நானே கிழித்துக் கூடையில் போட்டேன். அந்த மனிதர் முதல் நாளிலிருந்தே, சுருள் ஷெட்டை விட்டு வெளியே போகவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் காகிதம் இல்லை. ஐந்து வருடம் இழுத்து, வேலை திரும்பக் கிடைக்காமல், கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு போனார்.

அய்கோ அம்மையாரைப் பற்றிப் படித்தது 2000-களில். நான் கிழித்ததில் பிரதி எதுவும் மிஞ்சியிருக்காது என்பது அன்று இரவுதான் உறைத்தது. 2009-ல் அந்தத் தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மனைவி இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

"அப்போ அவர் சொன்னது நிஜம்தானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிக் கூட்டி வந்தார். அவனை எதிரில் உட்கார வைத்து, இப்போது என்னிடம் சொன்னதை இவனிடமும் ஒரு தடவை சொல்லுங்கள் என்றார்.